ரசீதுப் புத்தகம் தூக்கிய அக்கா

ரசீதுப் புத்தகத்துடன் ஒருவர் வாசலில் வந்து நின்றால் எம்மவர் வீடுகளில் முதலில் தொலைக்காட்சியின் சத்தம் குறையும். பிறகு பிள்ளை ஒன்று கதவிடுக்கால் எட்டிப் பார்த்து, "அப்பா வேலைக்குப் போட்டார்" என்று சொல்லும். அப்பா குசினிக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். இதை நாம் யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. எமது வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. ஊருக்கு, கோயிலுக்கு, பழைய பாடசாலைக்கு, வெள்ளத்துக்கு, யுத்தத்துக்கு என்று எத்தனையோ பேர் வந்தார்கள், கொடுத்தோம், சிலவற்றுக்குக் கணக்கு வந்தது, பலவற்றுக்கு வரவில்லை.

அப்படிப்பட்ட எமது சமூகத்தில், கவுன்சில் காரியாலயத்தில் பத்தொன்பது வருடம் கதிரையில் இருந்து வேலை செய்த ஒரு பெண், தமது நாற்பத்தெட்டாவது வயதில் அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு, காசு கேட்பதையே முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டார் என்றால் அவரைப் பார்க்காமல் இருக்க முடியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தென்லண்டனில் உள்ள அவருடைய வீட்டுக்கு நாம் இருவர் போயிருந்தோம். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "பெயர் போட்டால் எங்கட சனம் பெயரைத்தான் கதைக்கும், விஷயத்தைக் கதைக்காது" என்றார். ஆகவே இந்தக் கட்டுரையில் அவர் அக்காதான்.

அக்கா வடமராட்சியைச் சேர்ந்தவர். ஊரில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் சிறிது காலம் இலிகிதராக இருந்திருக்கிறார். 1990 இல் கைக்குழந்தையுடன் லண்டனுக்கு வந்தார். முதல் ஆறு வருடமும் எம்மில் பலர் பட்ட பாடுதான்: விடியற்காலையில் காரியாலயங்களைத் துப்புரவு செய்யும் வேலை, பின்னேரத்தில் கல்லூரியில் ஆங்கிலமும் தட்டெழுத்தும். 1996 இல் கவுன்சிலில் வேலை கிடைத்தது. கடிதங்களைப் பதிவு செய்வது, கோவைகளை ஒழுங்குபடுத்துவது, வாகனத் தரிப்பிட அபராதங்களுக்கு எதிராக வரும் முறைப்பாடுகளுக்குப் பதில் அனுப்புவது. "துடைச்ச மேசையிலேயே போய் இருந்த மாதிரி இருந்தது" என்று சிரிக்கிறார். நிரந்தர வேலை, சம்பளத்துடன் விடுமுறை, பென்சன். ஊரிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

2013 இல் அவருடைய தாயாருக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. இனிச் செய்வதற்கு எதுவுமில்லை என்று வைத்தியசாலையில் சொன்ன பிறகு, கடைசி மூன்று கிழமையும் ஒரு ஹொஸ்பிஸில் இருந்தார். சுகப்படுத்த முடியாத நோயாளியின் நோவைக் குறைத்து, மனதையும் குடும்பத்தையும் சேர்த்துப் பராமரிக்கும் இடம் அது. புதிதாக வந்தவர்கள் சிலர் இதைச் சாகிறதற்கு அனுப்பும் இடம் என்று பயப்படுவதுண்டு. அக்காவும் பயந்துதான் போனாராம். "அம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் வராது. ஆனால் அந்தத் தாதிப் பிள்ளை அம்மாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தது. நெத்தியில விபூதி பூசுறதுக்கு எங்களுக்கு இடம் விட்டினம். தேவாரம் படிக்கேக்க கதவைச் சாத்திவிட்டுப் போச்சினம். ஒரு பென்ஸும் வாங்கேல்லை. நான் அரசாங்கத்தின்ர இடமாக்கும் எண்டு நினைச்சன்."

அந்தியேட்டி முடிந்த பிறகு, நன்றி சொல்லப் போன இடத்தில்தான் அது அரசாங்கத்தின் இடமல்ல என்று தெரிய வந்தது. இங்கிலாந்தில் பெரியவர்களுக்கான ஹொஸ்பிஸ்களின் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அரசாங்கத்திடமிருந்து வருகிறது. மிச்சம் முழுவதும் பொதுமக்கள் கொடுக்கும் காசு, இறந்தவர்கள் எழுதி வைத்த காசு, பழைய உடுப்பு விற்கும் கடைகளில் வரும் காசு. "என்ர அம்மாவின்ர கட்டிலுக்கு ஆரோ முகம் தெரியாத வெள்ளைக்காரக் கிழவி காசு கட்டியிருக்கிறா" என்று அக்கா சொன்னபோது குரல் கொஞ்சம் தடுமாறியது.

இந்த ஹொஸ்பிஸ் என்ற ஏற்பாடு இன்றைய வடிவத்துக்கு வந்த வரலாற்றில் எம்மைப் போன்ற ஒரு அகதிக்கும் பங்கு உண்டு என்பதை நாம் அக்காவின் வாயிலாகத்தான் அறிந்தோம். 1948 இல் லண்டன் வைத்தியசாலை ஒன்றில் டேவிட் தஸ்மா என்ற போலந்து நாட்டு யூதர் புற்றுநோயால் இறந்தார். வார்சோவிலிருந்து வந்து, இங்கே உணவகத்தில் பரிமாறுபவராக வேலை செய்தவர். வந்து பார்க்க உறவினர் எவருமில்லை. அவரை அடிக்கடி போய்ப் பார்த்தவர் சிசிலி சோண்டர்ஸ் என்ற பெண். யுத்த காலத்தில் தாதியாக இருந்து, முதுகு நோவால் அந்த வேலையைத் தொடர முடியாமல், "அல்மொனர்" என்ற பதவிக்கு மாறியவர். நோயாளர்களின் குடும்ப நிலைமை, வீட்டு வசதி, கொடுப்பனவு போன்றவற்றைக் கவனிக்கும் வைத்தியசாலை உத்தியோகம் அது. நோவுடன் தனியே சாகிறவர்களுக்கு ஒரு வீடு வேண்டும் என்று இருவரும் பேசிக்கொள்வார்களாம். தஸ்மா இறக்கும்போது தம்மிடமிருந்த 500 பவுணை அந்த வீட்டுக்காக, அதில் தாமொரு யன்னலாக இருக்க வேண்டும் என்று சொல்லி, அவரிடம் விட்டுச் சென்றார்.

வீடு இல்லை, காணி இல்லை, கையில் ஒரு யன்னலுக்கான காசு மட்டும்! 1945 இல் கிறிஸ்தவ விசுவாசத்துக்குத் திரும்பியிருந்த சோண்டர்ஸ் அம்மையார் இதைக் கடவுள் தந்த வேலையாகவே எடுத்துக்கொண்டார். முப்பத்துமூன்று வயதில் மருத்துவம் படிக்கத் தொடங்கி 1957 இல் வைத்தியரானார். அதன் பின்னும் அறக்கட்டளைகளுக்குக் கடிதம் எழுதி, வசதியுள்ளவர்களைத் தேடிப் போய்க் கேட்டு, 1967 இல்தான் சிட்னம் என்ற இடத்தில் செயின்ற் கிறிஸ்தோபர்ஸ் ஹொஸ்பிஸைத் திறக்க முடிந்தது. 500 பவுணிலிருந்து கதவு திறக்கும் வரை பத்தொன்பது வருடம். தஸ்மாவின் யன்னல் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. அம்மையாரும் 2005 இல் அதே இடத்தில்தான் காலமானார்.

"நானும் பத்தொன்பது வருஷம் கவுன்சிலில இருந்தனான் தம்பி" என்கிறார் அக்கா. "அவ பத்தொன்பது வருஷத்தில ஒரு ஆஸ்பத்திரி கட்டினா. நான் பார்க்கிங் ரிக்கற்றுக்குப் பதில் எழுதினன்." இப்படிச் சொல்வது அவ்வளவு சரியல்ல என்றுதான் எமக்குப் படுகிறது. அந்தப் பதில் கடிதங்கள்தான் இரண்டு பிள்ளைகளை வளர்த்தன. ஆனால் மனதில் விழுந்த கேள்வியை யார் என்ன செய்ய முடியும்?

தாயாரின் ஆண்டுத் திவசம் முடிந்த கிழமை கோயிலில் நால்வர் சன்னிதியின் முன் நின்றிருக்கிறார். "எல்லாரும் அப்பர் சுவாமிகளைத் தேவாரம் பாடினவர் எண்டுதான் பாக்கினம். அண்டைக்கு நான் அவற்ற கையில இருக்கிற உழவாரத்தைத்தான் பார்த்தன். வீதியில புல்லுச் செதுக்கின ஆயுதம். என்னட்ட என்ன ஆயுதம் இருக்கு எண்டு யோசிச்சன். பைல் அடுக்கத் தெரியும். கடிதம் எழுதத் தெரியும். கணக்கு ஒரு சதம் பிசகாமல் வைக்கத் தெரியும். இதாலயும் புல்லுச் செதுக்கலாம்தானே?"

எடுத்த எடுப்பில் வேலையை விடவில்லை. இதைப் புதிதாக வந்த குடும்பங்கள் கவனிக்க வேண்டும். முதலில் சனிக்கிழமைகளில் அந்த ஹொஸ்பிஸின் பழைய பொருட்கள் விற்கும் கடையில் தொண்டராக நின்றார். எம்மில் பலருடைய முதற் குளிருக்கான கோட்டு இப்படியான சரிற்றிக் கடையில் வாங்கியதுதான், மறந்திருக்க மாட்டீர்கள். அகதி விண்ணப்பத்தின் முடிவுக்குக் காத்திருப்பவர்கள் பொதுவாகச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாவிட்டாலும் சரிற்றிகளில் தொண்டராக வேலை செய்யலாம். வீட்டுக்குள் அடைந்து கிடந்து யோசித்துக்கொண்டிருப்பதைவிட, ஆங்கிலமும் வரும், பிறகு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உங்களைப் பற்றிச் சொல்ல ஒருவரும் இருப்பார்.

ஒன்றரை வருடத்தின் பின் அங்கேயே நிதி சேகரிப்புப் பகுதியில் ஒரு பதவிக்கு ஆள் கேட்டார்கள். நேர்முகப் பரீட்சைக்குப் போனார், கிடைத்தது. சம்பளம் வருடத்துக்கு ஏறக்குறைய ஆறாயிரம் பவுண் குறைவு. அன்றிரவு வீட்டில் நடந்ததை அவருடைய கணவரே எமக்குச் சொன்னார். அவர் தபால் நிலையத்தில் இரவு வேலை செய்தவர்; ஒளிவுமறைவில்லாதவர். "வீட்டுக்கடன் முடிய இன்னும் ஏழு வருஷம் இருந்தது. மகள் யூனிவர்சிற்றியில. நான் கேட்டன், உனக்கென்ன விசரோ எண்டு. கோயிலுக்குக் காசு குடுக்கலாம், கோயிலுக்கெண்டு வேலையை விடேலாது எண்டு சொன்னன். இரண்டு கிழமை நாங்கள் கதைக்கேல்லை."

1848 இல் மெதடிஸ்த மிஷன் பாடசாலை உத்தியோகத்தை விட்டு வெளியேறிய ஆறுமுக நாவலர் அதே ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையை ஆரம்பித்ததை நாம் பெருமையுடன் பேசுகிறோம். ஆனால் நாவலருக்கு அப்போது இருபத்தைந்து வயது. மனைவி மக்கள் இல்லை. மாதம் முடிய வங்கிக்குக் கட்ட வேண்டிய தவணையும் இல்லை. நடு வயதில், மற்றவர்களின் சாப்பாடும் சேர்ந்திருக்கும் கதிரையை விட்டு எழும்புவது வேறு விதமான காரியம். கணவருடைய கோபத்தில் நியாயம் இல்லையென்று எம்மால் சொல்ல முடியவில்லை.

கடைசியில் சமாதானம் ஒரு கொப்பித்தாளில் ஏற்பட்டது. வரவு செலவை இருவரும் இருந்து எழுதினார்கள். அதுவரை கட்டிய கவுன்சில் பென்சன் அழியாது, வயது வரும்போது கிடைக்கும் என்று எழுத்தில் உறுதி வாங்கினார்கள். இரண்டாவது கார் விற்கப்பட்டது. ஊர்ப்பயணம் மூன்று வருடத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது. 2015 ஆம் ஆண்டு கந்தசஷ்டி விரதம் இருந்து, பாறணைக்கு மறுநாள் அக்கா இராஜினாமாக் கடிதம் கொடுத்தார்.

புதிய வேலையில் முதல் மாதம் முழுவதும் கேட்கக் கற்றுக்கொடுக்கவில்லையாம். எப்படிக் கேட்கக் கூடாது என்றுதான் கற்றுக்கொடுத்தார்கள். 2015 இல் இந்த நாட்டுப் பத்திரிகைகளில் பெரிய கூச்சல் எழுந்தது. வயதானவர்களுக்குச் சரிற்றிகள் கடிதத்துக்கு மேல் கடிதமும் ரெலிபோனுக்கு மேல் ரெலிபோனுமாகத் தொல்லை கொடுக்கின்றன என்று. அதன் பயனாக 2016 இல் நிதி சேகரிப்பைக் கண்காணிக்கத் தனியான அமைப்பு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. வற்புறுத்தக் கூடாது, "இல்லை" என்றவரைத் துரத்தக் கூடாது, உண்டியல் முத்திரை வைத்துப் பூட்டியிருக்க வேண்டும், இரண்டு பேர் முன்னிலையில் எண்ண வேண்டும். "இதெல்லாத்தையும் படிக்கேக்க எங்கட வாசலில வந்து நிண்டவையைத்தான் நினைச்சன்" என்கிறார்.

முதன்முதலில் எமது மக்களிடம் கேட்கப் போனது ஒரு தேர்த்திருவிழா அன்று. கோயில் நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை. ஐந்து மணித்தியாலம் நின்றதில் 63 பவுண் 40 பென்ஸும் ஒரு கனேடிய நாணயமும் சேர்ந்தன. தெரிந்தவர்கள் மறுபக்கத்தால் சுற்றிப் போனார்கள். சின்ன வயதிலிருந்து தெரிந்த ஒரு மாமி மட்டும் வந்து, "கவுன்சில் உத்தியோகம் பார்த்த பிள்ளை, இப்ப உண்டியல் குலுக்குறியோ?" என்று கேட்டுவிட்டுப் போனாராம். அன்றிரவு அழுதீர்களா என்று கேட்டோம். "இல்லை, கால் நோ. படுத்திட்டன்" என்றார்.

பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் வேறு விதமாகச் சொன்னார். "தங்கச்சி, முந்தி வந்தவைக்கு நான் குடுத்தனான். ரசீதும் தந்தவை. அந்தக் காசு எங்க போச்சுதெண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது." அக்கா அவரிடம் வாதாடவில்லை. சரிற்றிக் கொமிஷன் பதிவேட்டில் தமது நிறுவனத்தின் இலக்கத்தைக் கொடுத்துப் பார்க்கும்படி சொன்னார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுவாக வருடத்துக்கு 5,000 பவுணுக்கு மேல் வருமானம் உள்ள தர்ம ஸ்தாபனம் அந்தக் கொமிஷனில் பதிய வேண்டும். பதிந்ததன் வரவு செலவை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். (ரசீது நீட்டும் எவரிடமும் பதிவு இலக்கத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால் கோபிப்பவருக்குக் கொடுக்காதீர்கள்.) கடைக்காரர் வாடிக்கையாளர்களைக் காக்க வைத்துவிட்டுக் கால் மணித்தியாலம் கணக்கை வாசித்தார். சம்பளத்துக்கு ஏன் இவ்வளவு போகிறது என்று கேட்டார். இரவும் பகலும் தாதிமார் நிற்க வேண்டும் என்று அக்கா விளக்கினார். அன்று அவர் ஒன்றும் கொடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து ரெலிபோன் எடுத்து, கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு உண்டியல் வைக்கச் சொன்னார்.

செத்தவீடுகளில் மலர்வளையத்துக்குப் பதிலாக நன்கொடை என்ற வழக்கத்தை வெள்ளைக்காரர் நெடுங்காலமாகச் செய்கிறார்கள். அதை எம்மவரிடம் கொண்டுவர அக்கா பட்ட பாடு தனிக் கதை. "செத்தவீட்டில உண்டியலோ?" என்று முதியவர்கள் எழும்பிவிட்டார்கள். ஒரு மகன் துணிந்து, அப்பா ஹொஸ்பிஸில் இருந்தவர், ஆகவே பூ வேண்டாம் என்று அறிவித்தலிலேயே போட்ட பிறகுதான் மற்றவர்களும் செய்யத் தொடங்கினார்கள்.

கிஃப்ற் எயிட் பற்றியும் இரண்டு வரி சொல்ல வேண்டும். வரி கட்டுபவர் ஒருவர் அந்தப் படிவத்தை நிரப்பினால், அவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் சரிற்றி அரசாங்கத்திடமிருந்து 25 பென்ஸ் மேலதிகமாகப் பெறலாம். 1990 இல் வந்த திட்டம். 2000 ஆம் ஆண்டிலிருந்து சிறிய தொகைக்கும் பொருந்தும். ஆனால் வருமான வரி கட்டாதவர்கள், அதாவது வந்து இன்னும் வேலை கிடைக்காதவர்கள், அதில் அடையாளம் இடக் கூடாது. மீளப் பெற்ற தொகைக்கு உங்கள் வரி போதாவிட்டால் வித்தியாசத்தை உங்களிடமே கேட்பார்கள். இதைச் சொல்லாமல் படிவத்தை நீட்டுபவர்களும் இருக்கிறார்கள்.

இவ்வளவும் கேட்ட பிறகு, இந்த வேலையில் செய்த பிழை ஏதும் உண்டா என்று கேட்டோம். அக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

ஒரு முதியோர் ஒன்றுகூடலில் பேசப் போயிருந்தாராம். தாயாரின் கடைசி நாட்களைப் பற்றிச் சொல்லும்போது அவரே அழுதுவிட்டார், சபையும் அழுதது. கூட்டம் முடிய ஒரு அம்மா வந்து கையில் ஒரு கடித உறையைத் திணித்தார். உள்ளே 200 பவுண். அந்த அம்மா பென்சன் கிரெடிற் காசில் தனியே வாழ்பவர்; குளிருக்கு ஹீற்றர் போடவே யோசிப்பவர் என்று அக்காவுக்குத் தெரியும். "அம்மாளாச்சியின்ர பேரால தாறன், மறுக்காதை" என்றதும் வாங்கிவிட்டார்.

"வீட்டை வந்து படுக்கேல்லை. நான் அழுதது உண்மையான அழுகைதான். ஆனால் அந்த அழுகைக்குக் காசு விழுந்திட்டுது. அடுத்த கூட்டத்திலயும் அதே இடத்தில அழுவனோ எண்டு பயம் வந்தது."

மறுநாள் மேலதிகாரியிடம் சொன்னார். காசு இன்னும் வங்கிக்குப் போகவில்லை; திருப்பிக் கொடுக்க அவர் சம்மதித்தார். அக்கா கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த அம்மா கதவைப் பாதி திறந்தபடி நின்று, "ஏழை எண்டு பார்த்தோ திருப்பித் தாறாய்? எனக்குப் புண்ணியம் செய்ய உரிமை இல்லையோ?" என்று கேட்டார். ஒரு வருடத்துக்கு மேல் கோயிலில் கண்டாலும் முகம் கொடுக்கவில்லை. பிறகு ஒருநாள் தாமாகவே வந்து ஐந்து பவுணைக் கையில் வைத்துவிட்டு, "இதையாவது வாங்குவியோ" என்றாராம். அக்கா வாங்கினார்.

"சரியாத்தான் செய்தனோ எண்டு இண்டைக்கும் தெரியாது. ஊரில அம்மா உலை வைக்க முன்னம் ஒரு பிடி அரிசி எடுத்துப் புறம்பாப் போடுவா, கோயிலுக்கெண்டு. எங்களுக்கே அரைவயிறு எண்ட நாளிலயும் போட்டவ. ஆராவது வந்து வேண்டாம் அம்மா, நீங்கள் ஏழை எண்டு சொல்லியிருந்தால் அவ செத்திருப்பா." அதன் பிறகு தாயாரின் கதையை மேடையில் சொல்வதை நிறுத்திவிட்டார். கேட்டால் மட்டும் சொல்வார். எமக்கும் கேட்டதால்தான் சொன்னார்.

கணவர் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். சனிக்கிழமைகளில் கடைகளிலிருந்து உண்டியல்களைச் சேர்த்து வருவது அவருடைய வேலை. சம்மதித்துவிட்டீர்களா என்று கேட்டோம். "கார் ஓடத்தான் சம்மதிச்சனான்" என்றார்.

நாம் எழும்பி வாசலுக்கு வந்து சப்பாத்துப் போடும்போது அக்கா பின்னால் வந்தார். "தம்பியவை, உங்கட சஞ்சிகையின்ர கடைசிப் பக்கத்தில ஒரு மூலை இடம் சும்மா தருவியளோ? செப்டெம்பரில நடைபவனி இருக்கு." விளம்பரப் பகுதிக்குப் பொறுப்பானவரைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றோம்.

"கேளுங்கோ" என்றார் அக்கா. "நான் புதன்கிழமை ரெலிபோன் எடுக்கிறன்."